நார்த் பிளாட் ஆற்றைக் கடந்த கதை

மலர்க் குழு நண்பர்கள், "எதைப் பற்றி வேணும்னாலும் எழுது, இரண்டு பக்கத்தைத் தாண்டாதே" என்றார்கள். சிவில் படித்துவிட்டுப் பாலம் கட்டும் வேலையில் இருப்பவன் நான். அதனால் ஓர் ஆற்றைக் கடந்த வரலாற்றையே எடுத்துக்கொண்டேன்.

அமெரிக்காவில் மார்மன்கள் என்றொரு சமயப் பிரிவினர். 1838-ல் மிசௌரி மாநில ஆளுநரே உத்தரவு போட்டு அவர்களை விரட்டினார். இல்லினாய்ஸ் மாநிலத்துக்குப் போய் நாவூ என்ற ஊரைக் கட்டினார்கள். 1844-ல் அவர்கள் தலைவர் ஜோசப் ஸ்மித்தை ஒரு கும்பல் கொன்றது. 1846-ல் அந்த ஊரையும் விட்டுக் கிளம்பினார்கள். அடுத்த வருஷம் பிரிகாம் யங் தலைமையில் முன்னோடிக் குழு மேற்கே புறப்பட்டது. ஆண்கள் 143, பெண்கள் 3, குழந்தைகள் 2, எழுபதுக்கு மேற்பட்ட வண்டிகள்.

1847 ஜூன் 12 அன்று, இன்றைய வயோமிங் மாநிலத்துக் காஸ்பர் நகருக்கு அருகே நார்த் பிளாட் ஆற்றங்கரையை அடைந்தார்கள். மலைப் பனி உருகி வெள்ளம் வந்த நேரம். அகலம் சுமார் நூறு கஜம்தான். ஆனால் இழுப்பு அதிகம், அடியில் மணல். சாமான்கள் தோல் படகில் அக்கரை போய்விட்டன. காலி வண்டிகள்தான் பிரச்சினை!

இதை நம்ம லேப் ரெக்கார்டு மாதிரியே படிக்கலாம். இரண்டு வண்டிகளைச் சேர்த்துக் கட்டிக் கயிற்றால் இழுத்தார்கள். ஒன்றின் மேல் ஒன்று உருண்டது. நான்கைக் கட்டினார்கள், கொஞ்சம் பரவாயில்லை. ஒற்றை வண்டியை விட்டார்கள், குட்டிக்கரணம் அடித்தது. காரணம் எளிது. வண்டியின் பக்கப் பலகை முழுவதையும் நீரோட்டம் தள்ளுகிறது. சக்கரம் மணலில் மாட்டினால் கவிழாமல் என்ன செய்யும்? கடைசியில் தெப்பம்தான் கைகொடுத்தது. மெதுவான வேலை, ஆனால் வண்டி பத்திரம்.

தங்கள் காரியம் முடிந்ததும் அவர்கள் நடையைக் கட்டவில்லை. பின்னால் வரும் தம் மக்களுக்காகக் காட்டன்வுட் மரத்தைக் குடைந்து இரண்டு ஓடங்கள் செய்து, மேலே தளம் போட்டு, ஒன்பது பேரை அங்கேயே நியமித்துவிட்டு 19-ஆம் தேதி புறப்பட்டார்கள்.

இன்னொரு விஷயத்தையும் பாருங்க. அந்தத் துறையில் முதலில் வந்து நின்ற வாடிக்கையாளர்கள் யார்? ஓரிகனுக்குப் போய்க்கொண்டிருந்த மிசௌரிக்காரர்கள்! விரட்டிய மாநிலத்து ஆட்களை, விரட்டப்பட்டவர்கள் அக்கரை சேர்த்தார்கள். ஒரு வண்டிச் சுமைக்கு ஒன்றரை டாலர். அதையும் மாவாக வாங்கிக்கொண்டார்கள், நூறு பவுண்டுக்கு இரண்டரை டாலர் கணக்கில். அந்த வனாந்தரத்தில் அதே மாவுக்குப் பத்து டாலர் விலை. பழைய கணக்கை அவர்கள் மறந்துவிடவில்லை. ஆனால் பசிக்கும் பிள்ளைகளுக்கு மாவு வேண்டுமே!

இதே ஆற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1856-ல் வண்டி மாடு வாங்க வசதியில்லாத மார்மன் ஏழைகள், கைவண்டியை இழுத்துக்கொண்டே நடந்தார்கள். எட்வர்ட் மார்ட்டின் தலைமையில் ஒரு குழு ஜூலைக் கடைசியில்தான், அதாவது மிகத் தாமதமாக, அயோவா சிட்டியை விட்டது. அக்டோபர் 19-ல் இந்த வட்டாரத்துக்கு வந்தபோது, வழியிலேயே ஒரு கட்டணப் பாலம் இருந்தது. அவர்களோ உறையவைக்கும் தண்ணீரில் இறங்கித்தான் கடந்தார்கள். அன்றே பனி கொட்டியது. அந்தப் பயணத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, பாரம், விசை எல்லாம் பாடத்தில் வரும். எந்த மாதத்தில் கடக்க வேண்டும், யாரால் கட்டணம் கொடுக்க முடியும் என்பதெல்லாம் பாடத்தில் வராது. ஆற்றங்கரையில் உயிரைக் காப்பதும் வாங்குவதும் பெரும்பாலும் அந்தக் கணக்குதான்.