ஒரு மெழுகு பிளாக்கின் பயணம்

பெண்ணுறுப்பின் ஓரத்தில் வலியில்லாத, மெல்ல வளரும் ஒரு வீக்கம். பார்த்தவுடன் பார்தோலின் நீர்க்கட்டி, குடலிறக்கம், கொழுப்புக் கட்டி என்றுதான் நினைக்கத் தோன்றும். எம்.ஆர்.ஐ. எடுத்தால் வேறு கதை. வெளியே தெரிந்தது கொஞ்சம்தான். உள்ளே பத்து சென்டிமீட்டரையும் தாண்டி, மலக்குடலையும் சிறுநீர்ப்பையையும் ஒதுக்கித் தள்ளியபடி அது இடுப்புக் குழிக்குள் படர்ந்திருக்கும். பிள்ளை பெறும் வயதுப் பெண்களையே அதிகம் தாக்கும் இந்த அபூர்வக் கட்டிக்கு அக்ரசிவ் ஆஞ்சியோமிக்ஸோமா என்று பெயர்.

இதற்குத் தெளிவான கரை கிடையாது. கொழுப்புக்குள்ளும் தசைக்குள்ளும் ஊடுருவியிருப்பதால் முழுக்க எடுப்பது கடினம். வேறு உறுப்புகளுக்குப் பரவுவது மிக அரிது. எடுத்த இடத்திலேயே மறுபடி முளைப்பதுதான் இதன் குணம். அதனால் குடலையும் கருப்பையையும் பலிகொடுத்து எல்லாவற்றையும் அகற்றியே தீர வேண்டும் என்று இன்று பல மருத்துவர்கள் பிடிவாதம் பிடிப்பதில்லை.

வெட்டியெடுத்த சதை ஃபார்மலின் ஜாடியில் நோய்க்குறியியல் கூடத்துக்குப் போகிறது. எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் உள் என்று தெரிய அறுவை மருத்துவர் நூலால் அடையாளம் இட்டிருப்பார். அங்கே ஓரங்களில் மை பூசி, துண்டுகளாக்கி, நீர் நீக்கி, உருகிய மெழுகில் தோய்ப்பார்கள். மெழுகு இறுகியதும் அது ஒரு பிளாக். அதிலிருந்து நாலைந்து மைக்ரான் கனத்தில் சீவிய ஏடுகள் ஸ்லைடில் ஏறிச் சாயம் பெறுகின்றன. நுண்ணோக்கியில் தெரிவது: கூழ் போன்ற தளர்ந்த திசு, ஆங்காங்கே மெலிந்த செல்கள், இடையிடையே தடித்த சுவருள்ள இரத்த நாளங்கள். 1983இல் நோய்க்குறியியல் மருத்துவர்கள் ஸ்டீப்பரும் ஹுவான் ரோசாயும் ஒன்பது பெண்களிடம் இதே தோற்றத்தைக் கண்டுதான் இதைத் தனி நோயாக அடையாளம் காட்டினார்கள்.

அதே பிளாக்கிலிருந்து இன்னும் சில ஏடுகள். அவற்றைச் சோதித்தால் கட்டியின் செல்களில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களின் ஏற்பிகள் பெரும்பாலும் இருக்கும். அதனால்தான் கட்டியைச் சுருக்கவும், மீண்டும் வந்தால் கட்டுப்படுத்தவும் ஹார்மோனை அடக்கும் ஊசிகள் சிலருக்கு உதவுகின்றன.

வேலை முடிந்த பிளாக் எண்ணிட்டு அலமாரிக்குப் போகிறது. ஆனால் கட்டி சிலருக்குச் சில ஆண்டுகளில் திரும்பும். சிலருக்குப் பத்துப் பதினைந்து ஆண்டு கழித்தும். அப்போது பழைய பிளாக் வெளியே வந்தாக வேண்டும். நீர்க்கட்டி என்று அன்று எழுதியிருந்தால் அதைத் திருத்தலாம். எச்.எம்.ஜி.ஏ.2 என்ற புரதத்தைத் தேடுவது போன்ற, அன்று வழக்கத்தில் இல்லாத சோதனைகளையும் அந்த மெழுகிலேயே செய்து பார்க்கலாம்.

ஆய்வுக்கூடங்கள் பிளாக்குகளை என்றென்றைக்கும் வைத்திருப்பதில்லை. எனவே இந்த நோய்க்கு அறுவை செய்துகொண்ட பெண்கள் பயாப்சி ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். ஊரோ மருத்துவமனையோ மாறும்போது ஸ்லைடையும் பிளாக்கையும் கேட்டு வாங்க வேண்டும். வலியில்லை, வீக்கமில்லை என்பதற்காக எம்.ஆர்.ஐ. பரிசோதனையை நிறுத்திவிடக் கூடாது. இதையெல்லாம் அந்தப் பெண்ணுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வதும் சிகிச்சையின் பகுதிதான். கத்தியைக் கீழே வைத்ததோடு மருத்துவரின் கடமை முடிந்துவிடுவதில்லை.