வரிசையும் குலைவும்

நெல் வயலிடையே ஒற்றைப் பனை நின்றால் கண் அதனிடமே செல்லும். பனந்தோப்பில் அதே பனையை எவரும் நோக்கார். அச்சுக் கலையில் ஒன்றை வலியுறுத்தும் முறையும் இதுவே. முதலில் ஒழுங்கு வேண்டும். பின்னர் அது ஓரிடத்தில் மட்டும் குலைய வேண்டும். தமிழ் எழுத்தில் இம்முறை நடந்து வந்த வழியைச் சிறிது ஆராய்வோம்.

ஏட்டுச் சுவடியில் சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. புள்ளியும் பெரும்பாலும் இடப்படவில்லை. ஆகவே அழுத்தம் எதுகையாகவும் மோனையாகவும் செவி வழியே வந்தது. 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது முதல் அவ்வேலை மெல்ல மெல்லக் கண்ணுக்கு மாறலாயிற்று. ஆங்கிலத்திலுள்ள தலைப்பெழுத்து தமிழுக்கில்லை, சாய்வெழுத்தும் இயல்பன்று. எனவே நம் அச்சுக்கோப்போர் தடித்த எழுத்தையும், கோட்டையும், வெற்றிடத்தையுமே நம்பினர்.

1906-இல் தோன்றிய 'இந்தியா' வாரப் பத்திரிகையைப் பாரதியார் சிவப்புத் தாளில் வெளியிட்டார். வெள்ளைத் தாள்களிடையே அது கிடந்தால், படிக்குமுன்னரே நிறம் பேசிவிடுமன்றோ?

1935-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பெரியாரின் 'குடி அரசு' சீர்திருத்த எழுத்துகளை மேற்கொண்டது. நோக்கம் எளிமையே, ஆயினும் ணா, லை, னை முதலிய புதிய வடிவங்கள் பழகிய கண்ணை உறுத்தின. 1978-இல் தமிழ்நாட்டரசு அவ்வகை எழுத்துகள் 13-ஐ ஏற்றது. இன்று அவை எவரையும் உறுத்துவதில்லை. பழைய துதிக்கை 'லை'யே கண்ணைத் தடுக்கின்றது. குலைவும் பழகிவிட்டால் ஒழுங்காகிவிடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பினாங்கு டத்தோ கிராமாட் சாலையில் நடப்போர் பன்மொழிப் பலகைகளைக் காண்பர். எல்லாப் பலகையும் கூவினால் எதுவும் காதில் விழாது.

தோட்டத்தில் எழுத்து வேலை பார்க்கும் எம் போன்றோர்க்கு இது வெறும் அழகுப் பிரச்சினையன்று. ஆங்கில எச்சரிக்கையில் விலக்குச் சொல் முதலில் நிற்கும். ஆதலின் முதற்சொல்லைப் பெரிதாக அச்சிடுவர். தமிழிலோ விலக்கு வாக்கியத்தின் இறுதியில் வருவது. 'மருந்து தெளித்த இடத்தில் நடக்கக் கூடாது' என்பதில் ஆங்கில வழக்கைப் பின்பற்றி 'மருந்து' என்பதைத் தடிப்பாக்கி, 'கூடாது' என்பதைச் சிறிதாக விட்டால், தட்டுத்தடுமாறிப் படிக்கும் தொழிலாளி உயிர் காக்கும் சொல்லை அடையுமுன்னரே களைக்கொல்லி தெளித்த நிலத்தில் கால் வைத்துவிடுவான். 'கூடாது' ஒன்றே பெரிதாதல் வேண்டும். மற்றவை அடங்கி நிற்றல் வேண்டும். பலகை எழுதுவோர், எச்சொல் தவறினால் கேடு வரும் என்பதை முதலில் அறிந்து, அங்கு மட்டும் வரிசையைக் குலைப்பாராக.