சென்னைக் கிறிஸ்தவரிடையே வீட்டுக் கூடுகையின் வளர்ச்சி: சிந்தாதிரிப்பேட்டையை முன்வைத்து

சென்னைத் திருச்சபைகளில் ‘வீட்டு ஜெபக்கூட்டம்’, ‘செல் குழு’ என்றும் கத்தோலிக்கரிடையே ‘அன்பியம்’ என்றும் வழங்கும் சிறுகுழுக் கூடுகை, அண்டை வீட்டார் சிலர் ஒரு வீட்டின் கூடத்தில் குறித்த நாளில் கூடிப் பாடி, வேதம் வாசித்து, ஒருவர் பாரத்தை மற்றவர் அறிந்து ஜெபித்து, புதியவரையும் அழைத்துச் சேர்த்துக்கொள்ளும் அமைப்பாகும். இது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொரியாவிலிருந்து வந்த முறை என்ற எண்ணம் பரவலாக உண்டு. ‘செல்’ என்ற பெயரும் அதன் நிருவாக ஒழுங்கும் அவ்வாறு வந்தவையே. ஆனால் வீட்டையே ஊழியக் களமாகக் கொள்ளும் வழக்கம் அதற்கு ஒரு நூற்றாண்டு முந்தையது என்பதும், அதன் தடம் சிந்தாதிரிப்பேட்டையில் தெளிவாகக் கிடைக்கிறது என்பதும், அத்தடத்தை இட்டவர்கள் பெண்கள் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், 1734இல், நெசவாளர்களைக் குடியமர்த்தும் பொருட்டுக் கூவம் ஆற்றின் வளைவில் உருவாக்கப்பட்ட ஊர் இது. ‘சின்னத் தறிப் பேட்டை’ என்பதே மருவிச் சிந்தாதிரிப்பேட்டையாயிற்று என்பர். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிகளான மைரன் வின்ஸ்லோவும் மருத்துவர் ஜான் ஸ்கடரும் 1836இல் சென்னைக்கு வந்தபின், அமெரிக்க மிஷனின் நிலையங்களுள் ஒன்றாக இவ்வூர் அமைந்தது. 1862இல் வெளிவந்த தமிழ்–ஆங்கில அகராதியால் வின்ஸ்லோ தமிழுலகில் நிலைபெற்றார். அம்மிஷன் சென்னையை விட்டு விலகியபின் இங்குள்ள சீயோன் ஆலயம் இங்கிலாந்தின் சர்ச் மிஷனரி சங்கத்தின் பொறுப்பில் வந்தது. அதன் குருவானவராக நெடுங்காலம் பணியாற்றியவர் டபிள்யூ. டி. சத்தியநாதன்.

அவருடைய மனைவி அன்னாள் சத்தியநாதனை இவ்வரலாற்றின் நடுவில் வைத்துப் பார்க்கவேண்டும். 1830இல் உதவிக்குருவாகவும் 1836இல் குருவாகவும் பட்டம் பெற்ற ஜான் தேவசகாயத்தின் மகள் அவர். தேவசகாயம் தரங்கம்பாடி மிஷனின் கல்வியில் வளர்ந்தவர். 1706இல் சீகன்பால்கு வந்திறங்கிய அந்த மிஷனோ ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தின் கிளை. பக்தி இயக்கம் என்பது, 1670ஆம் ஆண்டளவில் பிராங்பர்ட்டில் பிலிப் ஸ்பேனர் என்ற குரு விசுவாசிகளைத் தம் இல்லத்தில் கூட்டி வேதம் பேசச்செய்ததிலிருந்து கிளைத்த மறுமலர்ச்சி. ஸ்பேனரின் வீட்டுக் கூடுகை அப்படியே சென்னைக்கு வந்து சேர்ந்தது என்று கூற முடியாவிட்டாலும், ஆலயத்தைப் போலவே இல்லமும் தேவனைத் தேடும் இடம் என்ற உணர்வு அன்னாளுக்குப் பிறந்த வீட்டுச் சொத்தாகவே வந்திருக்கும் என்று கொள்வது பொருத்தம்.

1860களில் அன்னாள் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியதோடு, வீடு வீடாகச் சென்று பெண்களுக்குக் கற்பிக்கவும் தொடங்கினார். இதனை அக்கால மிஷனரிகள் ‘ஜெனானா ஊழியம்’ என்றனர். ஜெனானா என்பது வீட்டில் பெண்கள் புழங்கும் உட்பகுதியைக் குறிக்கும் பாரசீகச் சொல். வடநாட்டுப் பர்தா முறை தமிழ் இந்துக் குடும்பங்களில் இல்லையென்றாலும், உயர்சாதி வீடுகளில் பெண் பூப்பெய்தியபின் பள்ளிக்கூடம் நின்றுவிடும். அத்தகைய வீட்டின் திண்ணை வரை எந்த ஆணும் வரலாம். உபதேசியாரும் அங்கே அமர்ந்து வாதம் புரியலாம். ரேழியைக் கடந்து முற்றத்தையும் அதையடுத்த கூடத்தையும் அடைவதற்கோ பெண்ணாகவும், அவ்வீட்டின் பேச்சுமொழி அறிந்தவராகவும், எங்கே நிற்கவேண்டும், எதைத் தொடலாகாது என்று தெரிந்தவராகவும் இருக்கவேண்டும். வெள்ளைக்காரச் சீமாட்டிகளுக்கு எளிதில் வாய்க்காத இத்தகுதி அன்னாளுக்கு இயல்பாக அமைந்திருந்தது. எழுத்தும் தையலும் கற்றுக்கொடுக்கும் சாக்கில் வேதம் உள்ளே போயிற்று என்று குறைத்துச் சொல்வோர் உண்டு. ஒரு பெண் தன் பெயரைத் தானே எழுதக் கற்றதைச் சாக்கு என்று ஒதுக்குவது நியாயமாகாது. மருத்துவக் கல்லூரியில் படிக்கச் சென்னை வந்து இக்குடும்பத்தாரோடு தங்கி, பின்னர் மருமகளான கிருபாபாய் சத்தியநாதன் ஆங்கிலத்தில் நாவல் எழுதிய முன்னோடியானதும் இவ்வீட்டின் சூழலோடு சேர்த்தே எண்ணத்தக்கது.

1890இல் அன்னாளும் 1892இல் அவர் கணவரும் மறைந்தனர். அடுத்த அரை நூற்றாண்டில் நேர்ந்த மாற்றம் அளவில் சிறியது, விளைவில் பெரியது. அதுவரை ஊழியம் என்பது பிறர் வீட்டினுள் செல்வது. இப்போது விசுவாசி தன் வீட்டையே பிறருக்குத் திறந்துவிட்டார். மேலைச் சபைப்பிரிவுகளுக்கு உட்படாத இந்தியத் திருச்சபையை நாடி மருத்துவர் புல்னி ஆண்டி 1886இல் சென்னையில் தேசியத் திருச்சபையைத் தொடங்கியபோதே, குருவையும் கட்டடத்தையும் மட்டும் நம்பியிராத சபை இயலுமா என்ற கேள்வி எழுந்துவிட்டது. பஞ்சாபைச் சேர்ந்த பக்த் சிங் 1941இல் சென்னையில் ‘யெகோவா ஷம்மா’ என்ற சபையை நிறுவி, ஆராதனைக்குப்பின் அனைவரும் வரிசையாகத் தரையில் அமர்ந்து உண்ணும் அன்பின் விருந்தை அதன் அங்கமாக்கினார். சாதி பார்த்துப் பந்தி பிரித்த ஊரில் அந்த வரிசை ஒரு பிரசங்கத்துக்கு நிகரானது. பெந்தெகொஸ்தே சபைகள் பலவும் வாடகை வீட்டு முன்னறையில் பிறந்தவையே. 1959இல் தென்தமிழ்நாட்டு இளைஞரின் ஜெபக்குழுக்களாகத் தொடங்கிய நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு, வட இந்தியாவுக்கு மிஷனரிகளை அனுப்பி, ஊர்தோறும் உள்ள சிறு குழுக்களின் ஜெபத்தாலும் காணிக்கையாலும் அவர்களைத் தாங்கிற்று.

கொரியாவின் சியோல் நகரில் போதகர் யோங்கி சோ 1964இல் உடல்நலம் குன்றி விழுந்தபின், தம் சபையை வீட்டுக் குழுக்களாகப் பகுத்து அவற்றைப் பெண்களிடம் ஒப்படைத்தார். அம்முறையே பிற்காலத்தில் சென்னையின் பெருஞ்சபைகளுக்கும் மாதிரியாயிற்று. கத்தோலிக்கப் பங்குகளில் அதே காலகட்டத்தில் வேரூன்றிய அன்பியம், அண்டைக் குடும்பங்களை ஒன்றுசேர்த்து நற்செய்தி வாசிப்புக்கும் அக்கம்பக்கத்து உதவிக்கும் வழிசெய்கிறது. பிறப்பால் இரண்டும் வேறானவை. ஆயினும் இரண்டிலும் வீட்டுக்கு வீடு சொல்லியனுப்பி ஆள் சேர்ப்பவர் பெரும்பாலும் ஒரு பெண்ணே.

சிந்தாதிரிப்பேட்டை போன்ற நெருக்கமான பகுதிகளில் கூடமும் முற்றமும் மறைந்து, ஒற்றை அறைக் குடித்தனங்களும் அடுக்ககங்களும் பெருகிவிட்டன. மாடிப்படியில் செருப்புகள் நிறைய, கட்டிலைச் சுவரோரம் தள்ளிப் பாய் விரித்து நடக்கும் இன்றைய ஜெபக்கூட்டத்தில், கீர்த்தனை முடிந்ததும் வீட்டுக்காரம்மா ஒவ்வொருவரிடமும் ஜெபக் குறிப்பு கேட்கிறார்: மகனின் வேலை, கணவரின் குடி, தாயின் சர்க்கரை நோய். எதிர்வீட்டிலிருந்து வரும் வேற்று மதத்துப் பெண் கதவருகில் அமர்ந்து தன் குறிப்பைச் சொல்கிறார்; அதுவும் பெயர் சொல்லி ஜெபிக்கப்படுகிறது.