தீப்பெட்டியில வளர்த்த பட்டுப்பூச்சி

ஆடி கடைசியில ஒரு நல்ல மழை. மறுநாள் காலையில என் பேரன் கையைப் பொத்திக்கிட்டு கொல்லையிலேர்ந்து ஓடி வந்தான். “தாத்தா, இத வளக்கலாமா?” பார்த்தா, ரத்தச் சிவப்புல பட்டுப்பூச்சி! எங்க கொல்லையில அதைப் பார்த்து ஆறேழு வருஷம் ஆச்சு.

1970-கள்ல சேதராப்பட்டு பக்கம் செம்மண் கொல்லைங்கள்ல, மழை விட்டதும் இதைப் பொறுக்குறதுதான் எங்களுக்கு வேலை. தீப்பெட்டியில ஈரமண்ணும் அருகம்புல்லும் போட்டு வளர்ப்போம். தொட்டா காலைச் சுருக்கிக்கிட்டு செத்த மாதிரி கிடக்கும். ரெண்டு மூணு நாள்ல நெஜமாவே செத்துப்போகும். ஏன்னு அப்போ தெரியல.

இது புல் தின்னாது. பேருதான் பூச்சி, எட்டுக் காலு, சிலந்தி, உண்ணி வகையறா. குஞ்சுக்கு மட்டும் ஆறு காலு. அது வெட்டுக்கிளி மாதிரி பூச்சிங்க மேல ஒட்டிச் சாறு உறிஞ்சி வளரும். பெருசானதும் வருஷத்துல பெரும்பகுதி மண்ணுக்குள்ளதான். மழைக்கு ஈசல், கறையான் கிளம்புறப்போ அதைத் தின்னவும் ஜோடி சேரவும் கொஞ்ச நேரம் மேல வரும். அந்த நேரத்துலதான் நாங்க தீப்பெட்டியில அடைச்சோம்.

சங்க காலத்துல இதுக்குப் பேரு மூதாய். அந்தச் சொல்லுக்குப் பாட்டின்னும் ஒரு பொருள் உண்டு. செம்மண் வழியில உதிர்ந்த காயாம்பூக்களுக்கு நடுவுல மூதாய் ஊர்றதை அகநானூறு முல்லைப் பாட்டு ஒண்ணு சொல்லுது. கார்காலம் வந்துடுச்சுங்கிறதுக்கு அது அடையாளம். பின்னாடி வெத்தலைத் தம்பலம் மாதிரி சிவப்பா இருக்குன்னு தம்பலப்பூச்சி ஆச்சு. வடக்கே பீர் பஹூட்டின்னு பேரு. அங்க மழைக்காலத்துல பிடிச்சு, காயவெச்சு, மருந்து எண்ணெய்க்கு விக்கிறாங்க.

ரெண்டாயிரம் வருஷமா மழையோட வந்தது எங்க கொல்லையில ஏன் நின்னுச்சு? வேற யாரையும் சொல்ல மாட்டேன். கடலையில கறையான் விழுதுன்னு வருஷா வருஷம் குருணை மருந்து போட்டவன் நான்தான். கறையான் போச்சு, அதைத் தின்னதும் போச்சுன்னு நினைக்கிறேன். மூணு வருஷமா கிழக்கு மூலையில மட்டும் மருந்தை நிறுத்திட்டு வேப்பம்புண்ணாக்கு போடுறேன். விளைச்சல் கொஞ்சம் கம்மிதான். பேரன் எடுத்தது அந்த மூலையிலதான்.

ரெண்டு பேருமாப் போய் அங்கேயே விட்டோம். வெயில் ஏறினதும் வரப்பு வெடிப்புல இறங்கிடுச்சு. “திரும்ப வருமா தாத்தா?”ன்னான். மழை பெய்ஞ்சா வந்து பாக்கலாம்னேன்.

உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரு? கடைசியா எப்போ பார்த்தீங்க? சொல்லுங்க.