கிணற்றுக்குள் இருக்கும் காற்று: ஒரு சிறு வரலாறு

"விஷவாயு தாக்கி மூவர் பலி." ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருப்பவர்கள் இந்தத் தலைப்பை ஒரு தடவையாவது படித்திருப்பார்கள். 2019 மார்ச்சில் நெமிலியில் ஒரு வீட்டு செப்டிக் டேங்கில் ஆறு பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் காட்ரம்பாக்கத்தில் உணவு தயாரிக்கும் ஒரு தனியார் நிறுவனத்தில் மூன்று பேர். 2022 அக்டோபரில் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தனியார் விடுதியில் மூன்று பேர். நான்கு வருடத்துக்குள் ஒரே வட்டாரத்தில் பன்னிரண்டு பேர்.

அந்தத் தலைப்பில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. 'விஷவாயு தாக்கி' என்று படிக்கும்போது, புதரில் இருந்து பாம்பு வந்து கடித்தது போல ஒரு எண்ணம் வருகிறது. ஆனால் அந்த வாயு எங்கிருந்தும் வரவில்லை. அங்கேயே உருவாகி அங்கேயே இருந்தது. அது அங்கே இருக்கும் என்பது 130 வருடமாகத் தெரிந்த விஷயம். எப்படித் தெரிந்தது, தெரிந்த பிறகு என்ன செய்தார்கள் என்று தேடிப் படித்தேன். பி.காம் படிக்கிறவனுக்கு சாக்கடை வரலாற்றில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். கடைசியில் சொல்கிறேன்.

நாற்றம்தான் நோய் என்று நம்பிய காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் படித்தவர்களில் பெரும்பாலானோர் காலரா போன்ற நோய்கள் கெட்ட காற்றில் வருகின்றன என்று நம்பினார்கள். நாற்றம் இருந்தால் நோய் இருக்கும், நாற்றம் போனால் நோய் போகும். 1858 கோடையில் லண்டன் தேம்ஸ் நதி நாறியபோது, பாராளுமன்றத் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். அந்தக் கோடைக்குப் பிறகுதான் பொறியாளர் ஜோசப் பசால்ஜெட்டின் மாபெரும் பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்குப் பணம் கிடைத்தது.

சாக்கடையைப் பூமிக்குள் மூடினால் உள்ளே வாயு சேரும். அதை எங்கே விடுவது? வீட்டுக்குள் வரக்கூடாது, தெருவில் நடப்பவர் மூக்குக்கும் வரக்கூடாது. ஆகவே வீடுகளின் உயரத்துக்கு மேலே போகும் இரும்புக் குழாய்களை நட்டார்கள். ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஜான் ஸ்டென்ஹவுஸ், மரக்கரி கெட்ட வாடையை உறிஞ்சும் என்று கண்டு, 1854ல் கரி வைத்த காற்று வடிகட்டியைக் கொண்டுவந்தார். பிறகு சாக்கடைக் காற்றுத் துளைகளிலும் கரித் தட்டுகளை வைத்துப் பார்த்தார்கள். இன்று கழிவுநீர் நிலையங்களில் இருக்கும் கார்பன் வடிகட்டிக்கு இதுதான் தாத்தா.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த ஏற்பாடுகள் எல்லாமே மேலே இருப்பவர்களுக்காக. சாக்கடைக்குள் இறங்கி வேலை செய்கிறவர் என்ன சுவாசிக்கிறார் என்பது இந்தக் கணக்கிலேயே வரவில்லை.

மதராஸ் கதை

சென்னை தட்டையான ஊர். தண்ணீர் தானாக ஓட வேண்டுமென்றால் குழாய் சரிவாக இருக்க வேண்டும். தட்டையான ஊரில் சரிவு கொடுத்துக்கொண்டே போனால் குழாய் ஆழமாகிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் கிணறு வெட்டி, கழிவுநீரை அதில் விழவிட்டு, பம்ப் வைத்து மேலே ஏற்றி, மறுபடி ஓடவிட வேண்டும். அந்த இடம்தான் நாம் பம்பிங் ஸ்டேஷன் என்று சொல்லும் கழிவுநீர் உந்து நிலையம்.

சென்னையின் பாதாளச் சாக்கடைத் திட்டம் 1910ல் வடிவமைக்கப்பட்டது. 1961ல் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள், ஆளுக்கு ஒரு நாளைக்கு 114 லிட்டர் என்று கணக்குப் போட்டார்கள். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரத்தில் இருந்தவர்கள் சுமார் 17 லட்சம்! இதற்கும் காற்றுக்கும் சம்பந்தம் இருக்கிறது. சாக்கடைக் குழாயை முழுதாக நிரம்பி ஓடும்படி வடிவமைப்பதில்லை. மேலே கொஞ்சம் இடத்தைக் காற்றுக்காக விடுவார்கள். அளவுக்கு மீறித் தண்ணீர் வந்தால் முதலில் காணாமல் போவது அந்தக் காற்றின் வழிதான்.

சென்னையின் பழைய தெருக்களில், உச்சியில் விளக்கில்லாத விளக்குக் கம்பம் போல உயரமான இரும்புக் குழாய்களைப் பார்த்திருக்கலாம். அவை பாதாளச் சாக்கடையின் காற்றுக் குழாய்கள்.

ஈஸ்ட் ஹாம், 1895

இப்போது மறுபடி லண்டன் பக்கம் போக வேண்டும். ஏனென்றால் 'உள்ளே இருப்பவர்' முதன்முதலாகக் கவனத்துக்கு வந்த சம்பவங்களில் ஒன்று அங்கேதான் நடந்தது, அதுவும் ஒரு பம்பிங் ஸ்டேஷனில்.

1895 ஜூலை 1. லண்டனை ஒட்டிய ஈஸ்ட் ஹாமில் கழிவுநீர் பம்பிங் நிலையக் கிணற்றில் ஒரு தொழிலாளி மயங்கி விழுந்தார். அவரைக் காப்பாற்ற இன்னொருவர் இறங்கினார். அவரும் விழுந்தார். இப்படி ஒருவர் பின் ஒருவராக, மொத்தம் ஐந்து பேர் இறந்தார்கள். காப்பாற்றப் போய் இறந்த நான்கு பேரின் பெயர்கள் லண்டன் போஸ்ட்மேன்ஸ் பார்க்கில் ஓவியர் ஜி.எஃப். வாட்ஸ் ஏற்படுத்திய நினைவுச் சுவரில், ஓடுகளில் எழுதப்பட்டிருக்கின்றன.

இந்தச் சாவுகளை ஆராய்ந்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். சுரங்கத்துக்குள் கூண்டில் சிறு பறவையைக் கொண்டுபோகும் வழக்கத்தைப் பரிந்துரைத்தவர் இவரே. இவரும் கார்னெல்லியும் 1887லேயே சாக்கடைக் காற்றைச் சோதித்து, அதில் வெளிக்காற்றைவிட நுண்ணுயிர்கள் குறைவு என்று காட்டியிருந்தார்கள். அதாவது அந்தக் காற்று காலராவைப் பரப்புவது அல்ல. ஆனால் ஈஸ்ட் ஹாமில் கொன்றது அதே காற்றுதான். காரணம் ஹைட்ரஜன் சல்பைடு என்ற முடிவுக்கு ஹால்டேன் வந்தார்.

இப்போது நெமிலியை நினைத்துப் பாருங்கள். அங்கேயும் ஒருவரைக் காப்பாற்ற அடுத்தவர், அவரைக் காப்பாற்ற அதற்கடுத்தவர் என்று இறங்கித்தான் ஆறு பேர் போனார்கள். நடுவில் 124 வருடம்.

அது எப்படிக் கொல்கிறது?

கழிவுநீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும், சில பாக்டீரியாக்கள் அதில் உள்ள சல்பேட்டை சல்பைடாக மாற்றுகின்றன. தேங்கி நிற்கும் நேரமும் வெப்பமும் கூடக்கூட இது வேகமாகும். நம் ஊர் வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். இப்படி உண்டான வாயு தண்ணீரில் கரைந்தே இருக்கும். தண்ணீர் கலங்கும்போது வெளியே வரும். பம்பிங் ஸ்டேஷன் கிணற்றில் கழிவுநீர் அருவி போல விழுகிறது. செப்டிக் டேங்கில் அடியில் உறைந்த சேற்றை ஆள் இறங்கிக் கிளறுகிறார். இரண்டிலும் நடப்பது ஒன்றுதான். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் பள்ளத்திலேயே தங்கியும் விடுகிறது.

அழுகிய முட்டை வாடை என்று நமக்குத் தெரியும். காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆனால் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்குப் போனால் சில நிமிடங்களில் மோப்பமே மரத்துப் போகிறது. வாடை போய்விட்டது என்று நினைக்கும்போதுதான் ஆபத்து அதிகம். 500, 700 என்று ஏறினால் ஆள் சட்டென்று சாய்ந்துவிடுவார். மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் விட்டு, "வாடை இல்லைப்பா, இறங்கலாம்" என்று சொல்வது இதனால்தான் மரணக் கணக்கு. மூக்கு இங்கே பொய் சொல்லும்.

இந்த வாயு கான்கிரீட்டையும் விடுவதில்லை. குழாயின் ஈரமான மேற்சுவரில் இருக்கும் வேறு பாக்டீரியாக்கள் இதைக் கந்தக அமிலமாக மாற்றிக் கான்கிரீட்டை அரிக்கின்றன. இதை 1945ல் மெல்போர்னில் பார்க்கர் என்பவர் கண்டுபிடித்தார். குழாய் இடிந்தால் பணம் நஷ்டம் என்பதால் இந்த ஆராய்ச்சிக்கு ஆதரவு தாராளமாகக் கிடைத்திருக்கும் என்பது என் ஊகம் :)

நாற்றம் வேறு, காற்று வேறு

இந்த வரலாற்றில் நான் கற்றுக்கொண்ட முக்கியமான விஷயம் இது. நாற்றத்தைத் தடுப்பதும் காற்றோட்டம் தருவதும் ஒன்றல்ல. சில சமயம் ஒன்றுக்கொன்று எதிரி.

பக்கத்து வீட்டுக்காரர்கள் புகார் கொடுத்தால் சுலபமான வழி, கிணற்றை இறுக்கி மூடுவது. வெளியே வாடை குறையும். உள்ளே வாயுவின் அளவு ஏறும். புகார் தீர்ந்துவிட்டது, ஆபத்து கூடிவிட்டது. சரியான வழி, உள்ளே இருக்கும் காற்றை விடாமல் மாற்றிக்கொண்டே இருந்து, வெளியே வரும் காற்றைச் சுத்தம் செய்து விடுவது. அப்படிச் சுத்தம் செய்யக் கரி மட்டுமல்ல, மண்ணே போதும் என்றும் கண்டுபிடித்திருக்கிறார்கள். வாடைக் காற்றை மண் படுகைக்குள் செலுத்தினால் அதில் வாழும் நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவிடும். கலிஃபோர்னியாவின் ரிச்சர்ட் பொமராய் 1957ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார்.

எவ்வளவு காற்று மாற்ற வேண்டும்? அமெரிக்காவின் 'டென் ஸ்டேட்ஸ்' தர விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. கழிவுநீர் விழும் கிணற்றில் விசிறி தொடர்ந்து ஓடினால் மணிக்கு 12 முறையாவது உள்ளே உள்ள காற்று முழுவதும் மாற வேண்டும். ஆள் போகும்போது மட்டும் ஓட்டுவதானால் மணிக்கு 30 முறை என்ற வேகத்தில் மாற வேண்டும். அதுவும் உள்ளிருந்து உறிஞ்சினால் மட்டும் போதாது. வெளியில் இருந்து நல்ல காற்றை உள்ளே தள்ள வேண்டும். இந்தக் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. உறிஞ்சுவது மேலே இருப்பவர் மூக்குக்கு உதவும். தள்ளுவது கீழே இருப்பவர் நுரையீரலுக்கு உதவும்.

சரி, காமர்ஸ் எங்கே வந்தது?

2013ல் வந்த மத்தியச் சட்டம், பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதைத் தடை செய்தது. 2014ல் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சம் ஆக்கியது. நான்கு வாயுக்களை அளக்கும் கையடக்கக் கருவி சில பத்தாயிரம் ரூபாய். ஊதும் விசிறியும் குழாயும் அதைவிடப் பெரிய செலவில்லை. சேற்றை உறிஞ்ச லாரி இருக்கிறது. கணக்கில் பார்த்தாலும் காற்றுதான் மலிவு. இருந்தும் ஏன் வாங்குவதில்லை? விசிறியின் விலை இன்றைக்கு, நிச்சயமாக, இடத்தின் சொந்தக்காரர் கையிலிருந்து போகிறது. சாவின் விலை என்றைக்கோ, ஒருவேளை, யாரோ ஒருவர் தலையில். அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் தினக்கூலிக்கு வந்தவர். எந்தப் பேரேட்டிலும் அவர் பெயர் இருப்பதில்லை.

நம் பகுதி வளர்ந்துகொண்டே போகிறது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. ஆளுக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் கழிவுநீர் என்ற வழக்கமான கணக்கைப் போட்டால், அந்த அளவுள்ள ஒரு வளாகத்தில் இருந்து மட்டும் நாளைக்கு சுமார் 20 லட்சம் லிட்டர் வரும். ஒரகடம் வரை எத்தனை குடியிருப்பு, எத்தனை கேன்டீன்! ஒவ்வொன்றிலும் எங்கோ ஒரு கிணறு இருக்கும், அதற்கு ஒரு மூடி இருக்கும்.

அந்தப் பக்கம் போகும்போது நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன நாத்தம்டா" என்று வேகமாகக் கடந்துவிடுகிறோம். நானும்தான். இனிமேல் உங்கள் வீட்டிலோ, ஹாஸ்டலிலோ, வேலை பார்க்கும் இடத்திலோ யாராவது மூடியைத் திறந்து ஆளை இறக்கப் பார்த்தால், உள்ளே காற்று போகிறதா, யாராவது அளந்து பார்த்தார்களா என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் இறங்க விடாதீர்கள், லாரியைக் கூப்பிடச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஒருவர் உள்ளே விழுந்துவிட்டார் என்றால், தயவுசெய்து நீங்கள் குதிக்காதீர்கள். தீயணைப்புத் துறைக்கு 101 அல்லது 112. ஈஸ்ட் ஹாமில் அந்த நான்கு பேரும் நல்லவர்கள்தான், நெமிலியில் இறங்கியவர்களும் நல்லவர்கள்தான்.