எந்தத் தெருவில் கட்டினார்கள்?



அரசின் சுகாதார அறிக்கைகளைப் புரட்டினால் முதலில் கண்ணில் படுவது தலைக்கணக்குதான். 1943இல் அமைக்கப்பட்டு 1946இல் அறிக்கை தந்த சர் ஜோசப் போர் குழு, 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்று தொடங்கச் சொன்னது. காசில்லை என்பதற்காக எவருக்கும் மருத்துவம் கிடைக்காமல் போகக் கூடாது என்றும் சொன்னது. நல்ல அறிக்கை, மாணவர்கள் இன்றும் படிக்க வேண்டியது. 1952 முதல் வட்டார வளர்ச்சித் திட்டத்தோடு நிலையங்கள் எழுந்தன. பின்னாளில் சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்று அளவு வகுத்தார்கள்.

அந்த 5,000 பேர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார்கள் என்று அளவுகோல் கேட்கவில்லை. காகிதத்தில் ஊரும் சேரியும் ஒரே கிராமம், இரண்டுக்கும் ஒரே துணை நிலையம். கட்ட இடம் கொடுப்பவர் நிலம் உள்ளவர். நிலம் யாரிடம் இருந்தது என்பதை இந்த அவையில் விளக்க வேண்டியதில்லை. கட்டடம் ஊருக்குள் எழுந்தது. தடுப்பூசி முகாம் கோயில் மண்டபத்திலோ பெரியவர் வீட்டுத் திண்ணையிலோ நடந்தது. நம் தாய்மார்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனையிலேயே நின்றார்கள். பதிவேட்டில் மட்டும் சேரியும் சேவை பெற்ற பகுதி.

இது வெறும் மனக்குறை அல்ல. 11 மாநிலங்களின் 565 கிராமங்களில் தீண்டாமை குறித்து நடந்த ஆய்வு 2006இல் நூலாக வந்தது. மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் அரசுச் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் வர மறுத்தார்கள் என்று அது பதிவுசெய்தது.

சாதனையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 1994இல் மருத்துவப் பணிகள் கழகம் அமைந்த பிறகு மாத்திரை மருந்து கிராமம்வரை ஒழுங்காக வரத் தொடங்கியது. இரவிலும் செவிலியர் இருந்த நிலையங்களில் நம் பெண்கள் நல்லபடியாகப் பிள்ளை பெற்றார்கள். அரசு மருத்துவமனையை இழுத்து மூடச் சொல்பவர்களோடு நமக்கு உறவில்லை. தனியாரிடம் போக நம்மிடம் பணமும் இல்லை.

ஆனால் தேசியக் குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். ஆயிரம் பிறப்புக்கு ஒரு வயதுக்குள் இறந்த குழந்தைகள், 2005-06 கணக்கில் பட்டியல் சாதியினரிடையே 66. இட ஒதுக்கீட்டுப் பட்டியல்களில் சேராத பிரிவினரிடையே 49. 2015-16இல் அது 45, 32. இரண்டும் இறங்கின, மகிழ்ச்சி. முன்பு நம் பிள்ளைகளின் சாவு அவர்களைவிட மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கூடுதல். பத்தாண்டு கழித்து ஐந்தில் இரண்டு பங்கு கூடுதல். 2005இல் தொடங்கிய தேசிய ஊரகச் சுகாதார இயக்கம் ஊர் ஊராகப் பணம் செலவழித்த பத்தாண்டு அது. வறுமையும் ஒரு காரணம் என்பார்கள். அந்த வறுமை எந்தத் தெருவில் இருக்கிறது?

மாணவத் தோழர்களிடம் ஒன்று கேட்கிறோம். அவரவர் கிராமத்தின் படத்தை வரைந்து துணை நிலையத்தைக் குறியுங்கள். சேரியிலிருந்து அங்கே போக எத்தனை தெருக்களைக் கடக்க வேண்டும், அவை யாருடைய தெருக்கள் என்று எழுதி வாருங்கள். அடுத்த ஆண்டு இதே மேடையில் படிப்போம்.