கடல் விழுங்கிவிடும் என்ற நம்பிக்கை: கார்பன் சுழற்சி ஆய்வு கடந்து வந்த பாதை

புவி வெப்பமயமாதலை மனிதர் அறிந்துகொண்ட வரலாற்றை வெப்பத்தின் வழியே சொல்வதுதான் வழக்கம். அமெரிக்காவில் யூனிஸ் ஃபூட் கண்ணாடி உருளைகளில் வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்தார். கரியமில வாயு இருந்த உருளையே மிகுதியாகச் சூடேறியது என்று 1856இல் அறிவித்தார். 1859இல் லண்டனில் ஜான் டிண்டல், இவ்வாயு வெப்பக் கதிர்களை உறிஞ்சும் அளவைக் கருவிகொண்டு அளந்தார். 1896இல் சுவீடனின் ஸ்வாந்தே அரீனியஸ், காற்றிலுள்ள கரியமில வாயு இருமடங்கானால் வெப்பநிலை 5 முதல் 6 பாகை செல்சியஸ் உயரும் என்று கணக்கிட்டார். இவை அனைத்தும் சரியே. ஆனால் 1896இலேயே விடை கைக்கு வந்திருக்க, அறிவியல் உலகம் அதன்பின் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஏன் கவலையின்றி இருந்தது? வெப்பத்தின் கணக்கை மட்டும் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. எரித்த கரி எங்கே போய்ச் சேர்கிறது என்ற கணக்கில்தான் அந்தத் தாமதத்தின் வேர் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அந்தக் கணக்கை முதலில் போட்டவர்கள் நிலவியலார். எரிமலைகள் கரியமில வாயுவை உமிழ்கின்றன. மழைநீரில் கரைந்த அவ்வாயு பாறைகளைச் சிதைத்து, முடிவில் சுண்ணாம்புக் கல்லாகக் கடலடியில் படிகிறது. பிரான்சின் ழாக் எபெல்மென் 1845இலேயே இதை வேதியியல் முறையில் விளக்கியிருந்தார். அரீனியஸின் சகாவான ஆர்வித் ஹோக்போம் 1894இல் இதற்கு எண்கள் கொடுத்தார். ஆண்டுக்குச் சுமார் 50 கோடி டன் நிலக்கரி எரிக்கப்பட்ட காலம் அது. அதனால் எழும் வாயு, காற்றில் ஏற்கெனவே உள்ளதில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு என்று கண்டார். இயற்கையின் பெரும் ஓட்டங்களோடு மனிதரின் எரிப்பையும் ஒரே வரிசையில் வைத்து எண்ணிய முதல் முயற்சிகளில் ஒன்று இது. அரீனியஸின் புகழ்வெளிச்சத்தில் ஹோக்போமின் பெயர் மங்கிப்போனது வருத்தத்துக்குரியது. பின்னாளில் வந்த கார்பன் கணக்குகளுக்கெல்லாம் அவரே முன்னோடி.

அரீனியஸுக்கு இந்த ஆயிரத்தில் ஒரு பங்கு அச்சமூட்டவில்லை. வெளியேறும் வாயுவில் ஆறில் ஐந்து பங்கைக் கடல் எடுத்துக்கொள்ளும் என்று அவர் நம்பினார். உலகின் கார்பன் இருப்பில் பெரும்பகுதி கடலில் கரைந்திருக்கிறது. ஆகவே புதிதாக வருவதும் அதே விகிதத்தில் அங்கே போகும் என்பது இயல்பான ஊகம்தான். கூடவே 1900இல் க்நூட் ஓங்ஸ்ட்ரோம், காற்றிலுள்ள கரியமில வாயு தன்னால் இயன்ற கதிர்களை ஏற்கெனவே உறிஞ்சிவிட்டது, இனிக் கூடினாலும் மாற்றமில்லை என்று சோதனைவழி வாதிட்டார். மேலடுக்குக் காற்றை அவர் கருதவில்லை. அந்தப் பிழையை 1950களில் கில்பர்ட் பிளாஸ் கணினியின் துணையோடு தீர்த்துவைத்தார். கடல் பற்றிய நம்பிக்கையை அசைப்பதோ அதைவிடக் கடினமாக இருந்தது.

அதை எதிர்த்துத் தனியாக நின்றவர் கை ஸ்டூவர்ட் காலண்டர். தொழிலால் நீராவிப் பொறியாளர். வானிலை அவருக்கு ஓய்வுநேர ஈடுபாடு. 147 நிலையங்களின் வெப்பநிலைப் பதிவுகளைத் தொகுத்து, உலகம் சூடேறி வருகிறது என்று 1938இல் லண்டனின் ராயல் வானிலையியல் கழகத்தில் வாசித்தார். முந்தைய அரை நூற்றாண்டில் மனிதர் 15,000 கோடி டன் கரியமில வாயுவைச் சேர்த்தனர், அதில் முக்கால் பங்கு காற்றிலேயே தங்கிவிட்டது என்றார். கேட்டவர்கள் ஏற்கவில்லை. முக்கால் பங்கு என்பது மிகைதான். தங்குவது ஏறத்தாழப் பாதி என்று இன்று அறிவோம். ஆனால் கேட்கவேண்டிய கேள்வியைச் சரியாகக் கேட்டவர் அவர்.

விடைக்கான கருவி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. நிலக்கரியும் எண்ணெயும் கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்தவை என்பதால் அவற்றில் கதிரியக்கக் கார்பன்-14 எஞ்சியிருப்பதில்லை. அவற்றை எரித்தால் காற்றின் கார்பன்-14 விகிதம் நீர்த்துப்போக வேண்டும். அந்த நீர்த்துப்போதலை மர வளையங்களில் கண்டு 1955இல் வெளியிட்டவர் ஹான்ஸ் சூயெஸ். கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் ரோஜர் ரெவெல்லுடன் சேர்ந்து 1957இல் அவர் எழுதிய கட்டுரை, ஒரு கரியமில வாயு மூலக்கூறு சுமார் பத்தாண்டுகளில் கடலுக்குள் புகுந்துவிடுகிறது என்று காட்டியது. பழைய நம்பிக்கைக்கு இது வலுவூட்டுவது போலவே தோன்றியது.

ஆனால் புகும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை வேறு, கடலின் இருப்பில் நிகரமாகக் கூடுவது வேறு. ஒன்று உள்ளே போக இன்னொன்று வெளியே வந்தால் இருப்பு மாறுவதில்லை. கடல்நீரில் கரையும் கரியமில வாயு அங்குள்ள கார்பனேட்டுடன் சேர்ந்து பைகார்பனேட்டாக மாறுகிறது. கார்பனேட்டின் இருப்போ குறைவு. அது செலவாகச் செலவாக மேலும் வாயுவை ஏற்கும் திறன் குன்றுகிறது. காற்றில் கரியமில வாயு 10 விழுக்காடு உயர்ந்தால் மேற்பரப்பு நீரின் மொத்தக் கரைந்த கார்பன் சுமார் 1 விழுக்காடுதான் உயரும். இதைக் கண்டுகொண்ட ரெவெல், கட்டுரை எழுதி முடியும் தறுவாயில் இந்தக் கருத்தைச் சேர்த்தார் என்று வரலாற்றாசிரியர் ஸ்பென்சர் வியர்ட் காட்டியிருக்கிறார். கட்டுரையின் மற்றப் பகுதிகள் பழைய அமைதியிலேயே நிற்க, ஒரு பத்தி மட்டும் எதிர்த்திசையில் பேசுகிறது. ஒரு துறை தன் நம்பிக்கையை மாற்றிக்கொள்ளும் கணத்தை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் ஆவணங்கள் அரிது.

அந்தப் பத்தியின் முழுப் பொருளை விரித்தவர்கள் ஸ்டாக்ஹோமின் பெர்ட் பொலினும் எரிக் எரிக்சனும். வேதியியல் தடை ஒருபுறம். காற்றோடு உறவாடும் மேலடுக்கு நீர் ஆழ்கடலோடு கலக்க நூற்றாண்டுகள் ஆகும் என்பது மறுபுறம். இரண்டையும் இணைத்து, 2000ஆம் ஆண்டுக்குள் காற்றின் கரியமில வாயு 25 விழுக்காடோ அதற்கு மேலோ உயரக்கூடும் என்று 1959இல் கணித்தனர். தொழிற்புரட்சிக்கு முன்பு பத்து லட்சத்தில் சுமார் 280 பங்காக இருந்தது, 2000இல் 369ஐத் தாண்டியிருந்தது.

இந்த உயர்வைக் காற்றிலேயே நேரடியாக அளந்து காட்டியவர் சார்லஸ் டேவிட் கீலிங். 1958 மார்ச்சில் ஹவாயின் மவுனா லோவா எரிமலைச் சரிவில் அவர் கருவி காட்டிய முதல் எண் பத்து லட்சத்தில் 313 பங்கு. மே மாதம்வரை ஏறி, பிறகு இலையுதிர்காலம்வரை இறங்கும் கோடு அடுத்து வெளிப்பட்டது: வடகோளக் காடுகள் கோடையில் கார்பனை ஈர்த்துக் குளிர்காலத்தில் விடுவதன் தடம் அது. ஆண்டுதோறும் அந்த அலை முந்தைய ஆண்டைவிட உயரத்தில் நின்றது. நிதியின்மையால் 1964இல் சில மாதங்கள் அளவீடு நின்றுபோனது. இன்று உலகமே நம்பியிருக்கும் ஒரு பதிவு அவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியிருக்கிறது என்பதை எண்ணும்போது பதைப்பே மிஞ்சுகிறது. பின்னர் அண்டார்க்டிக் பனியில் சிக்கிய காற்றுக்குமிழிகள், தொழிற்புரட்சிக்கு முந்தைய 8 லட்சம் ஆண்டுகளில் இந்த எண் 300ஐ எட்டியதே இல்லை என்று உறுதிசெய்தன.

காற்றில் தங்காத பாதி எங்கே என்ற கேள்வி எஞ்சியது. கடலை மட்டும் கொண்டு கணக்கு நேராகவில்லை. வடகோள நிலப்பரப்பும் பெருமளவு ஈர்க்கவேண்டும் என்று 1990இல் டான்ஸ், ஃபங், தகாஹாஷி மூவரும் காட்டினர். இரண்டையும் பிரித்தறியும் வழியைக் கீலிங்கின் மகன் ரால்ஃப் கண்டார். தாவரம் கார்பனை ஈர்க்கும்போது ஆக்சிஜன் வெளியேறுகிறது. கடலில் வாயு கரையும்போது வெளியேறுவதில்லை. எனவே காற்றின் ஆக்சிஜன் குறையும் வேகத்தை நுட்பமாக அளந்தால் நிலத்தின் பங்கும் கடலின் பங்கும் தனித்தனியே தெரியும். இன்றைய கணக்கில் கடலும் நிலமும் தலா ஏறத்தாழக் கால் பங்கை ஏற்கின்றன. கடல் அதற்குத் தரும் விலை, அதன் மேற்பரப்பில் தொழிற்புரட்சிக்குப் பின் சுமார் 30 விழுக்காடு கூடிய அமிலத்தன்மை.

நிலத்தின் பங்கு இன்னும் நிலையற்றது. எல் நினோ ஆண்டுகளில் வெப்பமண்டலக் காடுகள் வறண்டு, தீப்பற்றி, ஈர்ப்பைக் குறைத்துக்கொள்கின்றன. தென்கிழக்கு அமேசான் ஈர்ப்பதைவிட அதிகமாக வெளிவிடுகிறது என்று 2021இல் வெளியான விமான அளவீடுகள் கூறின. 2023க்கும் 2024க்கும் இடையே உலகக் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 3.5 பங்கு உயர்ந்தது. நவீன அளவீடு தொடங்கிய பின் ஓராண்டில் கண்ட மிகப்பெரிய ஏற்றம் இதுவே. நிலமும் கடலும் அவ்வாண்டு குறைவாக ஈர்த்தது அதற்கு ஒரு காரணம் என்று உலக வானிலை அமைப்பு கருதுகிறது.